ஒன்பது, ஆறு, இரண்டு, ஒன்று

1931ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. பள்ளி இல்லை. இருட்டோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்ததும் அம்மா பால் வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். அப்பா ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் கூடத்துக்குப் போனார். நான் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன். குழாயடியில் வரிசை பிடித்துத் தண்ணீர் சேர்த்தேன். வாசலைப் பெருக்கி, முதல் நாள் பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்தேன். சனிக்கிழமைதோறும் இதே வரிசைதான். அன்று கூடுதலாக ஒரு வேலை இருந்தது. சித்திக்குத் தலைக்கு ஊற்ற வெந்நீர் வைக்க வேண்டும்.

தேதியில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். ஆனால் சித்தியின் மகன் பிறந்த தேதியும் அவனைப் பெற்ற சித்திக்குத் தலைக்கு ஊற்றிய தேதியும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். யார் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பதில் வேண்டுமானால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். கணக்கில் முன்பின் இல்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் ஜோகூரில் பாலோ என்ற ஊரிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே தள்ளி இருந்தது. தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு ஓர் அறை, முன்னால் ஒரு தாழ்வாரம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, பெரியம்மா வீடு. அங்கே பேசினால் இங்கே கேட்கும், இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள். சித்தி அம்மாவின் தங்கை. சித்தப்பாவுக்கு மூவார்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை. தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்ததால், தலைப்பிள்ளைக்கு வந்தது போலவே இரண்டாவது பிரசவத்துக்கும் அக்காள் வீட்டுக்கு வந்திருந்தார்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. சித்திக்குத்தான் பால் ஊறவில்லை. அடுத்த லயத்தில் கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி, தன் பிள்ளை குடித்த பிறகு வந்து கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் வருவதற்குள் எங்கள் பிள்ளை அழுது முகம் கருத்துப் போகும். தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸர் வந்து பார்த்தார். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, தாய் வயிறாரச் சாப்பிட்டால் பால் தானே வரும் என்றார். சித்திக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"மூத்தவளுக்கு இந்த வீடே பால் வாசனை அடிச்சிச்சு. அது பெரியக்கா மருந்து. அது இல்லாம எனக்கு ஒண்ணும் இறங்காதுக்கா" என்று அம்மாவிடம் சொன்னார்.

பெரியக்கா என்று எல்லோரும் அழைத்தது அப்பாவின் மூத்த அக்காவை. எனக்குப் பெரிய அத்தை. எங்கள் லயத்தில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், தலைக்கு ஊற்றிய மறுநாள் காலையில் தாய்க்கு முதல் உருண்டை மருந்து கொடுப்பவர் அவர்தான். சுக்கு, ஓமம், மிளகு, திப்பிலி நான்கையும் இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறுவார். நான்கும் எல்லோருக்கும் தெரிந்த சாமான்கள். எது எவ்வளவு என்பது மட்டும் பெரிய அத்தைக்குத்தான் தெரியும். ஓமம் கூடினால் தாய்க்குத் தலை சுற்றும், மிளகு கூடினால் பாலில் காரம் இறங்கிப் பிள்ளையின் வயிறு எரியும் என்பார்கள். யாரும் கைக்கு வந்தபடி போட்டுப் பார்க்கத் துணிந்ததில்லை.

அந்தப் பெரிய அத்தை அப்போது எங்களோடு இல்லை. முந்தைய ஆண்டு ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். வயதானவர்களை முதலில் ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மாமாவுக்கு வயதாகிவிட்டது, அவரோடு அத்தையும் போனார். போகும் அன்று தன் தராசை ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றி, கூரை விட்டத்துக்குக் கீழே உயரமாக ஓர் ஆணி அடிக்கச் சொல்லி, அதில் மாட்டினார். "வெல ஏறினா வந்துடுவோம். வந்து நானே எடுத்துக்கிறேன், யாரும் தொடாதீங்க" என்றார். மருந்தின் அளவைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று அம்மா கேட்டதற்கு, "நான்தான் வரப் போறேனே, எதுக்கு?" என்று சிரித்தார். அவர் போன பிறகு யாரும் அந்த மூட்டையைத் தொடவில்லை. பலகைச் சுவரைத் தூசி தட்டும்போதுகூட அம்மா அதைச் சுற்றித்தான் தட்டுவார்.

அந்தத் தராசைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மரக்கோல், அதன் இரு முனையிலும் கயிறு, கயிற்றில் பெரிய கொட்டாங்கச்சித் தட்டுகள். எடைக்கல் கிடையாது. அத்தை கடல் கடந்து வந்தபோது கல்லையும் சுமந்து வரவில்லை, வந்த பிறகு வாங்கவும் இல்லை. சாமானைச் சாமானோடுதான் நிறுப்பார். ஒன்றைக் குவித்து அதை முழுசு என்பார். இரு தட்டிலும் பிரித்துச் சமமாக்கினால் அரை. அரையைப் பிரித்தால் கால். காலைப் பிரித்தால் அரைக்கால். ஒவ்வொரு நிறுவைக்கும் வேறு வேறு ஆளைக் கோல் பிடிக்கச் சொல்வார். ஒரே கை பிடித்துக்கொண்டிருந்தால் தளர்ந்துபோய்த் தராசு பொய் சொல்லும் என்பது அவர் கொள்கை. சுக்குக்கும் ஓமத்துக்கும் அம்மா பிடிப்பார். ஓமத்துக்கும் மிளகுக்கும் பெரியம்மா. மிளகுக்கும் திப்பிலிக்கும் மாமா.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். பெரியம்மா சித்திக்குத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டிப் படுக்க வைத்திருந்தார். முதல் நாள் அப்பா பாலோ கடையிலிருந்து வாங்கி வந்த நான்கு பொட்டலங்களும் முறத்தில் இருந்தன. திப்பிலிப் பொட்டலம் மிகச் சின்னது. கடையில் இருந்ததே அவ்வளவுதான், இனி சிங்கப்பூரிலிருந்து வந்தால்தான் உண்டு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆகவே ஒரே தடவைதான் செய்து பார்க்க முடியும். தவறினால் இன்னொன்று கிடையாது.

அம்மாவும் பெரியம்மாவும் முறத்துக்கு இரு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"சுக்கு முக்கால், ஓமம் அரை" என்று அம்மா தொடங்கினார். "எத்தன பிள்ளப்பேத்துக்குத் தராசு பிடிச்சிருக்கேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"ஓமம் அரையா?" என்றார் பெரியம்மா. "ஓமம் முக்கால்மா. முக்கால் ஓமம், கால் மிளகு. பெரியக்கா சொன்னது இன்னும் என் காதுல நிக்குது."

"முக்கால் சுக்குக்கா. நீங்க மாத்திச் சொல்றீங்க."

"நானா மாத்திச் சொல்றேன்? தராசு பிடிக்கும்போது நீ எங்க பாத்துக்கிட்டு நின்னியோ. அடுப்புல கொழம்பு தீயுதான்னு பாத்திருப்ப."

"நான் அடுப்பப் பாத்தேன்னே இருக்கட்டும். நீங்க நின்னுக்கிட்டே தூங்கி தராசச் சாய்ச்சது லயத்துக்கே தெரியும்."

"அது ஒரே ஒரு தடவ. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்."

பாயில் கிடந்த சித்தி தலையைத் திருப்பினார். "ரெண்டு பேரும் சேந்து என்னக் கொன்னுடாதீங்க. அரைன்னா அரை, முக்கால்னா முக்கால். ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க."

ஒருவர் சொல்வதை ஏற்றால் மற்றவர் இத்தனை காலமும் கவனிக்காமல் நின்றார் என்று ஆகிவிடும். அதற்கு இருவருமே தயாராக இல்லை.

"சரி, ஓமத்த அப்பறம் பாக்கலாம். திப்பிலி எவ்வளவு?" என்று கேட்டார் பெரியம்மா.

அது இருவருக்கும் தெரியவில்லை. அதைப் பிடித்த மாமா கப்பலில் போய்விட்டார். குழந்தை முனக ஆரம்பித்தது.

"மிளகு கால்னா திப்பிலி அரைக்கால்."

சொன்னது அப்பா. புகைக்கூடத்திலிருந்து வந்து, வாசற்படியில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் கோப்பைக்குள் பார்க்க ஆரம்பித்தார்.

பெரியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இது தம்பிக்கு எப்படித் தெரியும்? தம்பி எப்ப பிள்ள பெத்தீங்க?"

"இவ பொறந்தப்ப மாமா வேலைக்குப் போயிட்டாரு அண்ணி. அக்கா என்னப் பிடிக்கச் சொல்லிச்சு." அப்பாவின் காது சிவந்திருந்தது. "வெளிய சொல்லிடாதீங்க. கூடத்துல பயலுங்க ஓட்டித் தீத்துருவானுங்க."

நான் பிறந்தபோது அப்பா தராசு பிடித்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்தச் செய்தியை ஓரமாக வைத்துக்கொண்டேன். அப்போது என் மனம் வேறோர் இடத்தில் இருந்தது.

நான் நான்காம் வகுப்பு. தோட்டப் பள்ளியில் அந்த வகுப்பில் இருந்த ஒரே பெண். அந்த வாரம் வாத்தியார் தொடர் விகிதம் நடத்தியிருந்தார். ஒருவனுடைய குதிரைகளுக்கும் எருதுகளுக்கும் உள்ள விகிதம் இது, எருதுகளுக்கும் ஆடுகளுக்கும் உள்ள விகிதம் அது, மூன்றையும் ஒரே வரிசையில் எழுதுக என்பார். எங்கள் தோட்டத்தில் குதிரை துரையிடம் மட்டும் ஒன்று இருந்தது, எருது இரண்டு. அந்தக் கணக்கு யாருக்கு எதற்கு உதவும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்காமல் போட்டேன். இப்போது முறத்துக்கு இரு பக்கமும் இருவர் அரை, முக்கால் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவில் நின்ற ஓமம் எனக்கு அந்த எருதாகத் தெரிந்தது.

"அம்மா, ரெண்டு பேரு சொல்றதும் சரிதாம்மா" என்றேன்.

"வந்துட்டாங்க வாத்தியாரம்மா" என்றார் பெரியம்மா. "ஒரே ஓமம் எப்படிடி அரையாவும் இருக்கும், முக்காலாவும் இருக்கும்? போய்த் தம்பிக்குத் தொட்டில ஆட்டு."

"அம்மா சொல்ற முழுசு வேற, நீங்க சொல்ற முழுசு வேற பெரியம்மா. அத்தை ஒவ்வொரு தடவையும் புதுசாத்தானே குவிப்பாங்க?"

அத்தை அப்படித்தான் குவிப்பார்.

"சொல்ல விடுங்க அண்ணி" என்றார் அப்பா.

நான் ஓடிப் போய் என் ரப்பர் விதை டப்பாவை எடுத்து வந்தேன். லயத்துப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு டப்பா இருக்கும். என்னுடையதில் விதைகள் அளவு பார்த்து அடுக்கப்பட்டிருக்கும் என்பதற்காக மற்றவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். தரையில் அவற்றை வரிசை வைத்தேன். ஒரு கால் பங்குக்கு ஒரு விதை. அம்மாவின் சுக்கு முக்கால், மூன்று விதை. ஓமம் அரை, இரண்டு விதை. அதற்குக் கீழே பெரியம்மாவின் வரிசை. ஓமம் முக்கால், மூன்று விதை. மிளகு கால், ஒன்று.

"ரெண்டு நிறுவையிலயும் ஓமம் அதே அளவுதானே. மேல ரெண்டாவும் கீழ மூணாவும் இருக்கக் கூடாது. ரெண்டையும் ஆறாக்கணும்."

அம்மாவின் வரிசையை மூன்று மடங்காக்கினேன். சுக்கு ஒன்பது, ஓமம் ஆறு. பெரியம்மாவின் வரிசையை இரண்டு மடங்காக்கினேன். ஓமம் ஆறு, மிளகு இரண்டு. இப்போது இரு வரிசையிலும் ஓமம் ஆறுதான். ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டேன். அப்பா சொன்னதில் மிளகு கால், திப்பிலி அரைக்கால். அரைக்காலுக்கு ஒரு விதை என்றால் காலுக்கு இரண்டு. மிளகு ஏற்கெனவே இரண்டாகத்தான் இருந்தது. திப்பிலிக்கு ஒரு விதையை மட்டும் கடைசியில் வைத்தேன்.

"சுக்கு ஒன்பது, ஓமம் ஆறு, மிளகு ரெண்டு, திப்பிலி ஒண்ணு."

பெரியம்மா குனிந்து தன் விதைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "என் முக்காலும் காலும் எங்கடி போச்சு?"

"எங்கயும் போகல பெரியம்மா. ஆறுக்கு ரெண்டுன்னா மூணுக்கு ஒண்ணுதானே?"

"அப்ப என் அரை?" என்றார் அம்மா.

"ஒன்பதுக்கு ஆறு. மூணுக்கு ரெண்டு. அப்படியே இருக்கும்மா."

அம்மா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். யாருக்கும் தோல்வி இல்லாமல் ஒரு சண்டை முடிந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகும் அதிகம் பார்த்ததில்லை.

"பொட்டப்புள்ள கணக்குப் படிச்சு என்ன துரைக்கா எழுதப் போவுதுன்னு கேட்டேன்" என்று பெரியம்மா அப்பாவிடம் சொன்னார். "கேட்டது கேட்டதுதான். ஆனா படிக்கட்டும்."

இனி நிறுக்க வேண்டும். அதற்குத் தராசு வேண்டும். எல்லோரும் விட்டத்துக்குக் கீழே தொங்கிய மூட்டையைப் பார்த்தோம்.

"தொட வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்களே" என்றார் அம்மா.

"கடையில கொண்டுபோய் நிறுத்துக்கலாமா?" என்றார் பெரியம்மா. ஆனால் அவரே எழுந்திருக்கவில்லை. அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுமை இல்லை. கணக்கு முடிந்துவிட்டது, தராசு அதோ இருக்கிறது, ஏன் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. தொட்டிலில் குழந்தை வீரிட்டது. அப்பா மரப்பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி, மூட்டையை இரண்டு கையாலும் இறக்கினார்.

அத்தை நிறுத்த வரிசைப்படி சுக்கிலிருந்து தொடங்கினால் திப்பிலி போதாமல் போகலாம். ஆகவே நான் தலைகீழாகத் தொடங்கச் சொன்னேன். இருக்கிற திப்பிலி முழுவதும் ஒன்று. அதற்குச் சமமாக மிளகு இரண்டு தடவை. திப்பிலியும் மிளகும் சேர்ந்தால் மூன்று. அந்த மூன்றை ஒரு தட்டில் வைத்து ஓமம் இரண்டு தடவை நிறுத்தால் ஆறு. அதே மூன்றை வைத்துச் சுக்கு மூன்று தடவை நிறுத்தால் ஒன்பது. எடைக்கல்லே தேவையில்லை. அப்பா பிடித்தார், பிறகு பெரியம்மா, பிறகு அம்மா. கை மாற்ற வேண்டும் என்ற அத்தையின் கொள்கையை யாரும் சொல்லாமலே எல்லோரும் கடைப்பிடித்தார்கள். நான் முறத்தில் நான்கு குவியல்களையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக வைத்தேன்.

அப்போது சித்தி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"கடைசியா ஒண்ணு செய்வாங்க பெரியக்கா. மூத்தவளுக்கு மருந்து போட்டப்ப இங்கதான படுத்திருந்தேன். அளவெல்லாம் தெரியல. ஆனா கடைசியில மத்த மூணையும் ஒரே தட்டுல வச்சு, சுக்க மட்டும் எதிர்த் தட்டுல வப்பாங்க. தராசு நேரா நின்னா ஒரு தடவ கை தட்டுவாங்க. எதுக்குன்னு கேட்டேன். சொல்லல."

அம்மா யோசித்தார். "ஆமா. நான் அடுப்புப் பக்கம் போன பெறகு ஒரு கைதட்டல் கேக்கும். கொசு அடிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

நான் விதைகளைப் பார்த்தேன். ஆறு, இரண்டு, ஒன்று. அதுவரை அவற்றை நான் கூட்டிப் பார்க்கவே இல்லை. கூட்டினேன். ஒன்பது. சுக்கும் ஒன்பது.

"நிக்கும்" என்றேன். "நிக்கணும்."

"நின்னா?" என்றார் பெரியம்மா.

"நின்னா அம்மா சொன்னது, நீங்க சொன்னது, அப்பா சொன்னது, மூணும் சரி. சாஞ்சா ஏதோ ஒண்ணு தப்பு."

அம்மா தராசுக் கோலை என்னிடம் நீட்டினார். "நீ பிடி."

அதற்கு முன் நான் அதைத் தொட்டதே இல்லை. எதிர்பார்த்ததைவிடக் கனம். அம்மா ஓமத்தையும் மிளகையும் திப்பிலியையும் ஒரே தட்டில் ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். பெரியம்மா எதிர்த் தட்டில் சுக்கை அடுக்கினார். தட்டுகள் தரையை விட்டு எழுந்தன. சுக்கு கீழே போனது. மேலே வந்தது. மறுபடியும் கொஞ்சம் கீழே. என் கை நடுங்கினால் தராசு பொய் சொல்லும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குழந்தைகூட அழுகையை நிறுத்தியிருந்தது, அல்லது எனக்குக் கேட்கவில்லை. கோல் ஆடுவது சிறிது சிறிதாகக் குறைந்து, தண்ணீர் மட்டம் போல நின்றது.

பெரியம்மா ஒரு தடவை கை தட்டினார்.

சித்தி சிரித்தார். அந்தப் பிரசவத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதலில். "அதே சத்தம்" என்றார்.

நான் இன்றுவரை எத்தனையோ கணக்கு போட்டிருக்கிறேன். பிறகு அதுவே என் பிழைப்பும் ஆயிற்று. எந்த விடையும் அப்படி என் கண்ணெதிரே கயிற்றில் தொங்கி, ஆடி, நேராக நின்றதில்லை. அந்த நேரத்தில் பாலோவில், ஏன், ஜோகூரிலேயே என்னைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை என்று நான் நினைத்தேன். இப்போது நினைத்தாலும் அதில் அதிகம் குறைக்கத் தோன்றவில்லை. அந்தப் பெருமையோடு சத்தமாகச் சொன்னேன்.

"இனிமே பெரிய அத்தை வராட்டியும் பரவாயில்ல! நாமளே செஞ்சுக்கலாம்!"

நான் கைதட்டலை எதிர்பார்த்தேன். அம்மா என் கையிலிருந்து தராசை வாங்கி, கயிற்றுச் சிக்கை மெதுவாக எடுக்க ஆரம்பித்தார். அதில் சிக்கு எதுவும் இல்லை. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகு நெடி என்றார். மிளகை இன்னும் இடிக்கவே இல்லை, முழு மிளகுக்கு ஏது நெடி என்று திருத்துவதற்கு வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நிறுத்திக்கொண்டேன். பிறகு அவர் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோப்பை அப்போதே காலி.

பொழுது சாய்வதற்குள் இடித்துச் சலித்துப் பாகில் கிளறி இறக்கினார்கள். பெரியம்மா விரலில் ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவும் எடுத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அன்று மாலை விளக்கேற்றிய பிறகு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா பெரியப்பாவிடம் என் கணக்கை விளக்குவது கேட்டது. விதைகளின் எண்ணிக்கையை இரண்டு இடத்தில் தவறாகச் சொன்னார். "தாளே இல்லாமப் போட்டுதுங்க" என்று மூன்று தடவை சொன்னதால் நான் திருத்தவில்லை.

சித்திக்குப் பால் ஊறியது. மருந்து வயிற்றில் பசியைக் கிளப்பியது, பசி சோற்றைக் கேட்டது, சோறு பாலைக் கொடுத்தது. டிரெஸ்ஸர் சொன்னதும் சித்தி சொன்னதும் ஒரே வரிசையில் வந்து சேர்ந்தன என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை இப்போது தெப்ராவில் வீடு கட்டிக் குடியிருக்கிறான், நல்ல உயரம். எங்கள் குடும்பத்தில் பிறகு நடந்த எல்லாப் பிரசவங்களுக்கும் நான்தான் நிறுத்தேன். ஒன்பது, ஆறு, இரண்டு, ஒன்று என்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சொல்வார்கள், ஆண்களும் சொல்வார்கள். ரப்பர் விலை பிறகு ஏறியது. பெரிய அத்தை வரவில்லை. அந்த வயதில் கப்பலேறிப் போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்பது பெரியவர்களுக்கு அவர் போன அன்றே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும், மருந்து அரைகுறையாக மூன்று பேரிடம் சிதறிக் கிடந்தவரை, அவர் வந்துதான் ஆக வேண்டும் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு காரணம் இருந்தது.

பத்து வயதில் இது எதுவும் எனக்குத் தெரியாது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் நடந்தது சித்திக்கு மருந்து கொடுத்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது இரண்டாவது. முதலில் நடந்தது நான் சுத்தியல் சத்தம் கேட்டு விழித்தது. அப்பா தோட்டத்துத் தச்சரிடம் ஓர் ஆணி வாங்கி வந்திருந்தார். என்னை எழுப்பிச் சுவரோடு சேர்த்து நிற்க வைத்து, என் தோளுக்கு நேராகப் பலகையில் விரலை வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் ஆணியை அடித்தார். சேலைத் துண்டு சுற்றாமல் தராசை அதில் மாட்டினார். அந்தத் துண்டை அம்மா மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"எட்டுதா பாரு" என்றார் அப்பா.

எடுத்துப் பார்த்தேன். எட்டியது. திரும்ப மாட்டினேன். தட்டுகள் ஆடி நின்றன. பிறகு நிமிர்ந்து பார்த்தேன். விட்டத்துக்குக் கீழே பழைய ஆணி வெறுமனே இருந்தது.

"அதப் பிடுங்கியே இங்க அடிச்சிருக்கலாமேப்பா. ஒரு ஆணி மிச்சமாயிருக்கும்ல" என்றேன்.

"அது இருக்கட்டும்" என்றார் அப்பா.

ஒரு தராசுக்கு இரண்டு ஆணி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நல்ல ஆணி ஒன்று வீணாகிறதே என்று நினைத்துக்கொண்டே பல் விளக்கப் போனேன்.